பின்கதவில் ஒரு நெல் மூட்டை

மயிலாடுதுறையில் மலை கிடையாது. ஊரிலேயே பெரிய ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம். அதை விட்டால் காவிரிக்கரை. இருந்தாலும் தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஜீப் வகை வண்டிகள் இங்கேயும் வாசலில் நிற்கத்தான் செய்கின்றன. வண்டி வந்து ஆறு மாதம் ஆனதும் ஓர் ஆசை வரும்: ‘டயரைப் பெருசாக்கணும்!’

நாலு டயர் மாட்டும்வரை எல்லாம் சுகம். வண்டி அரை சாண் வளர்ந்த மாதிரி நிற்கும். தகராறு ஐந்தாவதில்தான் ஆரம்பிக்கும். அதுதான் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி.

ஸ்டெப்னி என்ற பெயர் வந்த கதையே தனி. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் உபரிச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார்கள். அந்தக் காலக் கார்களில் சக்கரத்தைக் கழற்றி மாற்றுவது லேசான காரியமில்லை. அதனால் காற்றடித்த டயரோடு ஒரு வெறும் வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வ வைத்து ஓட்டினார்கள். அந்தச் சக்கரம் போயே போய்விட்டது. தெருவின் பெயர் மட்டும் கும்பகோணம் ரோட்டுப் பஞ்சர் கடை வரை வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, ஐந்தாவது டயருக்கு வருவோம். 2020 அக்டோபரில் வந்த தாரின் 18 அங்குலச் சக்கரத்தில் கம்பெனி டயர் 255/65. அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். கணக்குப் போட்டால் மொத்த உயரம் சுமார் 789 மில்லிமீட்டர். ஆசைப்பட்டு 285/65 வாங்கினால் 828. நாலு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கதவில் மாட்டும்போது அதில் பாதி, இரண்டு சென்டிமீட்டர், கீழே இறங்கும். கதவைத் திறந்தால் பம்பரில் உரசலாம். அகலத்தில் கூடும் மூன்று சென்டிமீட்டரில் பாதி கதவுத் தகட்டின் பக்கம் சாயும். தகட்டைத் தொடாமல் இருக்க இடையில் ஸ்பேசர் வைத்தால், சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். உரசாமல் இருக்க மேலே தூக்கி மாட்டினால் பின்கண்ணாடியையோ மூன்றாவது பிரேக் விளக்கையோ மறைக்கும். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் போதாத போர்வை கதைதான்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சங்கடம். தெரியாதது எடை. கனமான மட் டயரும் ரிம்மும் சேர்ந்தால் 40 கிலோவை எட்டிவிடும். கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற நெல் மூட்டையும் 40 கிலோதான். அந்த மூட்டையைக் கதவில் கட்டித் தொங்கவிட்டு, நாள் முழுக்கத் திறந்து மூடுவதாக நினைத்துப் பாருங்கள்.

கதவைத் திறந்ததும் கீல்தான் அத்தனையையும் தாங்க வேண்டும். கீலிலிருந்து சக்கரத்தின் நடுமையம் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மேல் கீலைப் பிடுங்கி இழுக்கும் விசை 60 கிலோ. கதவின் சொந்த எடை இதில் சேரவில்லை. கதவு மூடியிருந்தால் பூட்டும் கொஞ்சம் தோள் கொடுக்கும். ஆனால் தரங்கம்பாடி போகிற வழியில் ஒரு பள்ளத்தில் ‘தொம்’ என்று இறங்கும்போது அந்த 40 கிலோ ஒரு நொடிக்கு இரண்டு மூன்று மடங்காக இழுக்கும். ஒரே நாளில் எதுவும் உடையாது. முதலில் கதவு லேசாகத் தொங்கும், மூடும்போது தூக்கி மூட வேண்டியிருக்கும். அப்புறம் ‘கடக் கடக்’ சத்தம். அதற்கப்புறம் கீலைச் சுற்றிப் பெயிண்டில் முடி மாதிரி ஒரு கீறல். பெயிண்ட்தானே என்று விட்டுவிடக் கூடாது. அடியில் தகடு விரிகிறது என்று அர்த்தம். பின்னால் பைக்கில் ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கும் என்பதை நினைத்தால் இதில் அலட்சியம் வராது.

வழி இல்லாமல் இல்லை. கீலைப் பலப்படுத்தும் பட்டைகளும், பெரிய டயருக்கென்றே வரும் தாங்கிகளும் கிடைக்கின்றன. இவற்றைவிட நல்லது, எடையைக் கதவிலிருந்தே எடுத்து பம்பர் வழியாகச் சேஸிஸில் இறக்கும் தனித் தாங்கி. செலவு கூடுதல், கதவைத் திறக்குமுன் அதை விலக்க வேண்டிய வேலையும் கூடுதல். எதை மாட்டினாலும் கதவில் இருக்கும் ரப்பர் முட்டுகள் டயரை அழுத்திப் பிடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முட்டு எட்டாவிட்டால் டயர் ஆடும். ஆடினால் போல்ட் தளரும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை முறுக்கிவிடுவது நல்லது.

‘பழைய டயரையே ஸ்டெப்னியா வெச்சுக்கலாமே தம்பி’ என்று டயர் கடைக்காரர் சொன்னால், அதிலும் நியாயம் உண்டு. கதவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் உயரத்தில் ஐந்து சதவீதம் வித்தியாசம் இருப்பதால் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பின்சக்கரம் பஞ்சரானால் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, சின்னதை முன்னால் மாட்ட வேண்டும். நாலு சக்கர ஓட்டத்தைத் தொடவே கூடாது. மெதுவாகப் பஞ்சர் கடை வரை மட்டும் போகலாம். வயல் சேற்றில் மாட்டியிருக்கும்போது இது உதவாது. ஊருக்குள்ளும் சீர்காழிக்கும் போய்வருகிற வண்டிக்கு இதுவே போதும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. வண்டியைத் தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதே ஆண்டு வந்த திருத்தம் சொல்கிறது. அதே மாடலின் உயர்ரக வண்டிக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவோடு நின்றுகொண்டால் வம்பு குறைவு. நம்பர் பிளேட்டை ஸ்டெப்னி மறைத்தால் அதற்குச் சாக்கே கிடையாது.

சேற்றுக்குப் பெரிய டயர்தான் தீர்வு என்பதிலும் முழு உண்மை இல்லை. நம் வண்டல் களிமண்ணில் டிராக்டரே கேஜ் வீல் மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. சம்பா நடவு நேரத்தில் வரப்போரம் ஜீப்பை இறக்கினால், எந்த அளவு டயராக இருந்தாலும் கடைசியில் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். புது டயரை ரிம்மோடு தராசில் ஏற்றி எடை பாருங்கள். பிறகு வீட்டில் அந்த வண்டியை ஓட்டும் எல்லோரையும், மனைவி, மகள், அறுபது தாண்டிய அப்பா உட்பட, அதைக் கதவிலிருந்து ஒரு தடவை இறக்கி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். யாராலும் முடியாவிட்டால் சின்ன அளவுக்கே பில் போடச் சொல்லிவிடலாம்.