பேர் விஷயம்

காஞ்சனபுரி! கேட்டால் கும்பகோணம் பக்கத்து ஊர் மாதிரி இல்லை? இருப்பது தாய்லாந்தில். நடந்தே சுற்றிவிடலாம். 'க்வாய் நதிப் பாலம்' படம் 1957-ல் வந்ததும் (எடுத்தது என்னவோ இலங்கையில்!) வெள்ளைக்காரர்கள் பாலத்தைத் தேடிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பாலம் இருந்தது. ஆற்றின் பேர்தான் வேறு: மே க்ளாங். பார்த்தார்கள், 1960 வாக்கில் பேசாமல் ஆற்றின் பேரையே மாற்றிவிட்டார்கள்.

பாலத்திலிருந்து ஊருக்குள் முக்கால் மணி நேரம் நடந்தால் போர்க் கல்லறை. 1942-43ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் செத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள், கிட்டத்தட்ட 7,000 பேர். தகடுகளில் பேர், வயசு. சீராக வெட்டிய புல். வரிசை வரிசையாக ஒரு முனியாண்டியைத் தேடினேன். ம்ஹூம். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இதே வேலைக்கு ரயிலேற்றிக் கொண்டுவந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவில் போனவர்களுக்குக் காட்டிலேயே குழி. பக்கத்துக் கோயிலில் மொத்தமாக ஒரு ஸ்தூபி உண்டு. நடுகல் வைத்தது 2023-ல்தான்.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தை. பொரித்த வெட்டுக்கிளியைத் தாண்டிப் போய் மாம்பழம் வாங்கினேன். கடைக்காரம்மா கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டினாள். சைகையிலேயே என் பேரைக் கேட்டாள். சொன்னேன். மூன்று தடவை முயற்சி பண்ணிவிட்டுச் சிரித்துவிட்டாள்.