பணம் கழிந்தது, டிக்கெட் எங்கே?

சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் மின்சார ரயிலுக்குக் கவுன்ட்டர் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்த காலம் பலருக்கு முடிந்துவிட்டது. 2015-இல் சென்னை எழும்பூர்–தாம்பரம் இடையே தொடங்கிய செல்போன் டிக்கெட், இன்று மறைமலை நகருக்கு ஷிப்ட் பிடிக்க ஓடுகிறவர்களின் அன்றாடம். நல்ல வசதிதான். ஆனால், எந்தச் செயலியாக இருந்தாலும் சரி, பணம் கழிந்த மறுநொடி திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றி, ‘ஏதோ தவறு நிகழ்ந்தது, மீண்டும் முயலவும்’ என்று வந்து நின்றால் பயணி என்ன செய்வார்? மறுபடி கட்டினால் இரண்டு முறை பணம் போகலாம். கட்டாமல் ஏறினால், பரிசோதகரிடம் பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். ரயிலோ முந்தைய நிலையமான பரனூரைத் தாண்டிவிட்டது.

கோளாறே வராத செயலி கிடையாது. அது குற்றமும் இல்லை. பயணியைக் கைவிடுவது அந்த மொட்டை வாசகம். பணம் போனதா, டிக்கெட் பதிவானதா, மறுபடி முயலலாமா என்ற எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

எதிர்பாராத பிழை வந்தால் செயலி பட்டென்று மூடிக்கொள்ளாதிருக்க, நிரலாளர்கள் அதை நடுவிலேயே பிடித்து நிறுத்துவார்கள். பிடித்ததை எங்கும் பதியாமல் விழுங்கிவிடுவது அவசர வேலையில் சர்வசாதாரணம். கூகுள் பிளே ஸ்டோரின் அளவுகோலும் இதைக் கண்டுபிடிக்காது. தினசரிப் பயனர்களில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் கிராஷ் ஆகும் செயலியை அந்த ஸ்டோர் பின்னுக்குத் தள்ளலாம். பிழையை விழுங்கிய செயலியோ கிராஷ் ஆவதே இல்லை. டிக்கெட் கிடைக்காதவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

ஒழுங்கான பதிவு ஒரே வரிதான்: நேரம், செயலியின் பதிப்பு, போன் மாடல், கோரிக்கை எண், ‘பணம் கழிந்தது, டிக்கெட் சர்வரிலிருந்து 30 விநாடியாகப் பதில் இல்லை’. அந்தக் கோரிக்கை எண்ணையே வைத்து மறுபடி கேட்கும்படி செயலியையும், அதை அடையாளம் காணும்படி சர்வரையும் எழுதியிருந்தால், இரண்டாம் முறை பணம் போகாது. பாதியில் நின்றதைச் சர்வர் முடித்துக் கொடுக்கும். கடவுச்சொல்லும் ஓடிபியும் மட்டும் அந்த வரியில் வரவே கூடாது. 2018-இல் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது, அவை உள் பதிவேட்டில் மறைக்கப்படாமல் பதிவாகிவிட்டதால்தான்.

‘மீண்டும் முயலவும்’ என்பதன் விலையை 2025 ஏப்ரல் 12 அன்று நாடே பார்த்தது. யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. பரிவர்த்தனை என்னவாயிற்று என்று சில வங்கிகள் ஓயாமல் திரும்பத் திரும்பக் கேட்டதே நெரிசலுக்குக் காரணம் என்று தெரியவந்தது. அதன்பிறகு, இரண்டு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் நிலவரம் கேட்கக் கூடாது என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ வரம்பு வைத்தது. எளிய ஒழுங்குதான், விழுந்த பிறகே வந்தது.

பிழைப் பதிவை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் அஞ்சல் துறை கொடிய சாட்சி. ஹொரைசன் கணினி காட்டிய பொய்க் கணக்கை நம்பி, 900-க்கும் மேற்பட்ட அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடிக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். தெரிந்த கோளாறுகளின் பட்டியல் ஹொரைசனை நடத்திய ஃபுஜிட்சு நிறுவனத்திடம் இருந்தது. பொறுப்பாளர்கள் வழக்காடித்தான் அதைப் பார்க்க முடிந்தது.

இங்கேயும் பயணியின் உரிமை அந்தப் பதிவில்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் பணம் கழிந்து, அந்த உறுதி வணிகருக்குப் போய்ச் சேராவிட்டால், ஐந்து நாளுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. உறுதி போய்ச் சேர்ந்ததா, வழியில் நின்றதா? பயணியால் அதை நிரூபிக்க முடியாது, பதிவுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே, மக்கள் பணத்தில் செயலி செய்யும் ஒவ்வொரு துறையும் டெண்டரிலேயே இதை எழுத வேண்டும்: பிழைச் செய்தி தமிழில், பணத்தின் நிலையைச் சொல்லி, புகார் எண்ணோடு வரவேண்டும், பெரிய முடக்கம் நேர்ந்தால் காரணத்தை வெளியிட வேண்டும். அதுவரை, பணம் கழிந்து டிக்கெட் வராதவர்கள் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 12 இலக்க யுபிஐ எண்ணோடு வங்கியில் புகார் பதியுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.