செட்டிபாளையம் செல்லுமுன்

தேவிகுளம் வட்டத்திலிருந்து நம் சங்க அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கொரு கடிதம் எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மைந்தர் பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். அண்மையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலைக்கு வாங்கியிருக்கிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நண்பர்களோடு சேர்ந்து போடிமெட்டுச் சாலையில் அதனை விரட்டிப் பார்க்கிறாராம். இப்பொழுது கோவையில் உள்ள பந்தயத் தடத்தில், புதியவர்களுக்கென நடத்தப்படும் ‘டிராக் டே’ என்னும் ஓட்ட நாளில் கலந்துகொள்ள விரும்புகிறார். “தம்பி, அனுப்பலாமா, தடுக்கலாமா?” என்று கேட்கிறார் அன்பர்.

அனுப்புங்கள் ஐயா, ஆனால் ஆயத்தமின்றி அனுப்பாதீர்கள். இதுவே நமது விடை.

அனுப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றின் சிறு ரயில் பாதையை அடித்துச் சென்றதிலிருந்து இடுக்கி மக்களுக்குச் சாலையே கதி. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருவது யார்? தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு வேலை தேடி, காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கொண்டு வரும் நம் பெண்மக்கள். அவர்களுடைய உயிரைப் பணயம் வைத்து விளையாடும் உரிமை எவருக்கும் இல்லை. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும். வேகத்தின்மேல் கொண்ட ஆசையைக் கடிந்துரைத்து அடக்கிவிட முடியாது என்பது பிள்ளைகளைப் பெற்றவர்கள் அறிந்ததே. அதற்கென வேலியிட்ட இடம் ஒன்று இருக்குமாயின் அங்கே போகச் சொல்வதுதான் விவேகம்.

அந்த இடம் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. போத்தனூருக்கு அப்பால் செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுடையது. பந்தயக் கார்களை நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டி, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கோவை கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்பது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையிலும் 1990 முதல் ஒரு தடம் உண்டு. ஆயினும் முதல் முறை செல்பவருக்கு அத்தனை தூரம் வேண்டியதில்லை.

ஆயத்தங்களுள் முதன்மையானது பிரேக். காரின் வேகம் இருமடங்கானால் அதை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். சாலையில் எப்பொழுதோ ஒருமுறை அழுத்தும் பிரேக்கைத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை, அதுவும் பலங்கொண்டு அழுத்த வேண்டும். இடையில் ஆறுவதற்கு அவகாசம் குறைவு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ‘டாட் 4’ வகையில் புதியது குறைந்தது 230 டிகிரி செல்ஷியஸ் வரையிலாவது கொதியாமல் நிற்க வேண்டும்; ஈரம் ஏறியபின் எதிர்பார்க்கப்படுவது 155 டிகிரியே. கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, மிதித்த பெடல் தரைமட்டம் போகும், கார் நிற்காது. ஆண்டில் பாதி மழையும் மூடுபனியுமாக உள்ள மலையில் நிற்கும் காருக்கு இந்தக் கவலை அதிகம். ஆகவே புறப்படும் வாரத்தில் பழைய ஆயிலை முழுதும் நீக்கிப் புதியது ஊற்றி, காற்றையும் எடுத்துவிட வேண்டும். பிரேக் பேடுகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். ரயில்வேயில் எழுத்தராக உள்ள நமக்கு இது புதுமையன்று. பிரேக் சரியென்று சான்று எழுதிக் கொடுக்காமல் சரக்கு வண்டி யார்டை விட்டு நகராது. பதினைந்து இலட்சம் கொடுத்துக் கார் வாங்குவோர் பிரேக் ஆயிலுக்குச் சில நூறு ரூபாய் செலவிடத் தயங்குவதைக் காணும்போது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

டயரில் வெடிப்போ, பக்கவாட்டில் வீக்கமோ இருத்தலாகாது. ஓட ஓட டயர் சூடேறிக் காற்றழுத்தம் கூடுமாதலால், ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்னும் அளந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சு கொண்டு, காருடன் வந்த கையேட்டில் சொல்லிய அளவுக்கு முறுக்க வேண்டும். என்ஜின் ஆயில் நிறைவாக இருக்கட்டும். பெட்ரோலும் அரை டாங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்குமன்றோ? ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர்ப் புட்டி, பிள்ளையார் பொம்மை யாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

நிற்க. காரைவிட ஓட்டுபவரே ஆயத்தமாக வேண்டும். முன்னிரவு நன்றாக உறங்க வேண்டும். காலையில் எளிய உணவு. இடையிடையே தண்ணீர் நிறையப் பருக வேண்டும். பருத்தி உடையே ஏற்றது, நைலான் தீயில் உருகி உடலில் ஒட்டும். அடி மெல்லிய காலணியும், அளவான ஹெல்மெட்டும் வேண்டும். முதுகை இருக்கையில் சாய்த்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படுமாறு அமர வேண்டும். பக்கத்தில் பயிற்சியாளர் கிடைத்தால் அவரை அமர்த்திக்கொள்ளக் கூச வேண்டாம். வளைவுக்கு முன்னர் நேராக ஓடும்போதே பிரேக்கை முடித்துக்கொண்டு, பிறகு திரும்பி, வெளியேறும்போது வேகமெடுக்க வேண்டும் என்பது பாலபாடம். கண்கள் காரின் மூக்கில் அல்ல, போகவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

கொடிகளையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே அபாயம். வேகம் தணித்து, எவரையும் முந்தாமல் செல்ல வேண்டும். நம் ரயில்வேயிலும் மஞ்சள் எச்சரிக்கைதான். நீலம் பின்னால் விரைந்து வருபவருக்கு வழிவிடச் சொல்வது. சிவப்புக்கு மட்டும் சற்று வேறுபாடு: கண்ட இடத்தில் நின்றுவிடாமல் மெதுவாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். கட்டம் போட்ட கொடி அந்த ஓட்டம் முடிந்தது என்பதற்கு அடையாளம். அதன்பின் ஒரு சுற்று மெல்ல ஓட்டிப் பிரேக்கை ஆறவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் பழக்கத்தால் கை ஹேண்ட்பிரேக்குக்குப் போகும். சூடான டிஸ்க்கில் பேடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே முறை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பத்திரத்தில் பந்தயத்திற்கும் வேகச் சோதனைக்கும் காப்பு இல்லையென எழுதியிருக்கும். தடத்தில் கார் நொறுங்கினால் நஷ்டம் முழுதும் வீட்டின் தலையில் விழும். மாதத் தவணை கட்டி முடியாத காரென்றால் இதைப் பிள்ளையோடு அமர்ந்து முன்னரே பேசிவிட வேண்டும். அந்த நஷ்டத்தைத் தாங்க இயலாதெனில், தடத்தினர் வாடகைக்குத் தரும் கோ-கார்ட்டில் தொடங்குவது கௌரவக் குறைவன்று. நரேனைப் போன்றோர் பலரும் சிறு வண்டிகளில் பழகியவர்களே.

தேவிகுளத்து அன்பர் தாமும் உடன் செல்வாராக. மாலையில் களைத்த கையுடன், தேய்ந்த பிரேக்குடன், உடுமலை வழியே யானைகள் கடக்கும் சின்னாறு காட்டைத் தாண்டி மறையூர் ஏறுவது தகாது. அன்றிரவு கோவையிலோ உடுமலையிலோ உறவினர் இல்லத்தில் தங்கி, காலையில் வீல் நட்டுகளையும் பிரேக்கையும் மறுபடி பார்த்துவிட்டுப் புறப்படலாம். பாலக்காட்டு அன்பர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாளையாறு தாண்டினால் வீடு. ஆயினும் அவர்களும் நட்டுகளைப் பார்த்துவிட்டே கிளம்புக.