தலைவனும் தணிந்த குரலும்

துடுப்பாட்டத்தைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுந்தால் நகைப்பார் சிலர் உளர் என்பதை அறிவேன். இலக்கணம் கற்பிப்பவனுக்கு மட்டையும் பந்தும் எதற்கு என்பர். ஆயினும், தலைமை என்னும் பண்பை மாணவர்க்கு விளக்கப் புகும்போதெல்லாம், பழைய போர்க்களங்களை முந்திக்கொண்டு, 1960 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறிஸ்பேன் நகரில் நிகழ்ந்த ஓர் ஆட்டமே என் நினைவில் வந்து நிற்கின்றது. யான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டும், பின்னர் படித்தும் அறிந்துகொண்டேன்.

அவ்வாட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் அணிக்குத் தலைமை பூண்டவர் பிராங் வொறெல். அத்தீவுகளின் அணியிலே திறமை மிக்க கறுப்பின வீரர் பலர் இருந்தும், தலைமைப் பதவி நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாக வைக்கப்பட்டிருந்தது. 1948 இல் ஜோர்ஜ் ஹெட்லி ஒரேயொரு ரெஸ்ற் போட்டிக்குத் தலைமை தாங்கினார்; அவ்வளவே. முழுத் தொடர் ஒன்றுக்கு நியமிக்கப்பட்ட முதற் கறுப்பினத் தலைவர் வொறெல். அவர் தோற்றிருந்தால், ‘இவர்களுக்குத் தலைமை வாராது’ என்று கூறக் காத்திருந்த வாய்கள் பல. இத்துணைப் பெருஞ்சுமையைத் தோளிலே தாங்கிய ஒருவர் பதற்றமின்றி நின்றார் என்பதே என்னை வியக்க வைப்பது.

ஐந்தாம் நாள் மாலை. அவுஸ்திரேலியாவுக்கு இலக்கு 233 ஓட்டங்கள். 92 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெற்றுகள் வீழ்ந்தபின், டேவிட்சனும் பெனோவும் சேர்ந்து 134 ஓட்டங்கள் குவித்து வெற்றியின் வாயிலுக்கே சென்றுவிட்டனர். ஜோ சொலமன் எறிந்த பந்து டேவிட்சனை வீழ்த்தியது. இறுதி ஓவர் வந்தது. அந்நாளில் அங்கு ஓர் ஓவருக்கு எட்டுப் பந்துகள். வேண்டியவை ஆறு ஓட்டங்கள். எஞ்சியவை மூன்று விக்கெற்றுகள். பந்து வெஸ் ஹோலின் கையில்.

‘பவுன்சர்’ வீசற்க என்று தலைவர் முன்னரே சொல்லியிருந்தார் என்பர். இரண்டாம் பந்திலே ஹோல் அதனையே வீசினார்! பெனோ விக்கெற் காப்பாளரிடம் பிடி கொடுத்து ஆட்டமிழந்தார். கட்டளை மீறப்பட்டது, பயனோ கிட்டியது. வொறெல் துள்ளவுமில்லை, சினக்கவுமில்லை. அது எல்லைக்கோட்டைக் கடந்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதை மாத்திரம் நினைவூட்டினாராம். ஐந்தாம் பந்தில் மேலெழுந்த எளிய பிடியொன்றைக் கன்ஹாய் ஏந்தக் காத்து நிற்க, ஹோல் பாய்ந்து சென்று அவர்மேல் மோதித் தவறவிட்டார். அவ்வேளையில் எந்தத் தலைவனுக்குத்தான் நா அடங்கும்? வொறெலுக்கு அடங்கியது. ஆறாம் பந்தில் ஓட்டங்கள் சமமாயின. மூன்றாம் ஓட்டத்துக்கு விரைந்த குறௌற், ஹன்ற் எல்லையிலிருந்து எறிந்த பந்தால் வீழ்ந்தார். ஏழாம் பந்துக்கு முன், ‘நோ போல்’ வீசிவிடாதே, வீசினால் ஊர் திரும்ப இயலாது என்று ஹோலிடம் நகைச்சுவையாகவே எச்சரித்தார் என்று எழுதுகின்றனர். கிளைன் தட்டிய பந்தைச் சொலமன் எடுத்தார். அவர் நின்ற கோணத்திலே கண்ணுக்குத் தெரிந்தது ஒரே குச்சி. எறிந்தார், வீழ்த்தினார். இரு பக்கமும் 737 ஓட்டங்கள். ரெஸ்ற் வரலாற்றிலே வெற்றி தோல்வியின்றிச் சரிசமமாக முடிந்த முதலாட்டம் அதுவாயிற்று.

சொலமனின் குறி தப்பாமைக்குத் தலைவனா காரணம், அது தற்செயல் அன்றோ என வினவலாம். வினா நியாயமானதே. ஆனால், சற்று முன் பிடி தவறவிட்டவன் வசை வாங்கியதைக் கண்ட ஒருவனுடைய கை, அக்கணத்தில் நடுங்காதிருந்திருக்குமா? தவறியவனைத் தண்டியாத தலைவனின் களத்திலே, அடுத்தவன் அச்சமின்றி எறிகின்றான். அத்துணையே யான் சொல்வது.

இன்னொன்றும் கருதத்தக்கது. வொறெலுக்கு முன் தலைவராயிருந்த ஜெரி அலெக்சாண்டர் அதே அணியில் விக்கெற் காப்பாளராக ஆடினார். பதவி இழந்தவர் மனம் புழுங்குவது உலக இயல்பு. அவரோ அத்தொடரில் தம் அணியில் மட்டைச் சராசரியிலே முதல்வராய் விளங்கினார்! புதிய தலைவரின் கீழ் அவர் தம்மைச் சிறியராக உணரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? தொடரை 2–1 என அவுஸ்திரேலியா வென்றது. எனினும், தோற்ற அணிக்கு மெல்பேண் வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டு விடைகொடுத்தனர்.

நம் கல்லூரி மைதானங்களிலே யான் காண்பது வேறு. அணித்தலைவனாகிய பிள்ளை, பயிற்றுவிப்போரைப் பார்த்துக் கூவக் கற்கின்றான். பயிற்றுவிப்போர் எங்கே கற்றனர்? எம்மைப் போன்ற ஆசிரியரின் வகுப்புகளிலேதான். பிறரைக் குறை கூறி யான் தப்ப விரும்பவில்லை. வெண்பாவிலே தளை தட்டிய மாணவன் ஒருவனை வகுப்பின் முன் நிறுத்தி நகையாடிய நாள் எனக்கும் உண்டு. தளை தட்டியது ஓரிடத்தில் மாத்திரமே, கருத்து நன்றாயிருந்தது. அதன்பின் அவன் எழுதிய பாட்டு எதனையும் யான் கண்டதில்லை. கேட்டபோதெல்லாம், ‘எழுதவில்லை, ஐயா’ என்றே சொன்னான்.