புகை தூக்கலா இருந்தா தரமான விஸ்கியா?

பீட்டட் சிங்கிள் மால்ட் விஸ்கியை முதல்முறை மோந்து பார்ப்பவர்களில் பலர், 'என்னப்பா, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது' என்றுதான் முகம் சுளிப்பார்கள். ஆனால் பார்ட்டிகளில் நிலைமை தலைகீழ். புகை எவ்வளவு தூக்கலோ அவ்வளவு கெத்து. இரண்டுமே அவசர முடிவுகள்தான்.

புகை எங்கிருந்து வருகிறது?

சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிச் சேர்ந்த பாசியும் செடிகொடியும்தான் பீட். நம் நீலகிரி மலையிலும் பீட் படிவுகள் உண்டு. ஸ்காட்லாந்தில், குறிப்பாக ஐலா தீவில், முளைகட்டிய பார்லியை பீட் நெருப்பின் புகையில் உலர்த்துவார்கள். அப்போது ஃபீனால் என்ற வேதிப்பொருள்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆர்ட்பெக் விஸ்கிக்குச் சொல்லப்படும் சுமார் 55 பிபிஎம் என்பது அந்த பார்லியில் அளந்த கணக்கு. பாட்டிலில் இருப்பது அல்ல. வடிக்கும்போதே பெரும்பகுதி குறைந்துவிடும். எனவே பிபிஎம் எண்ணைத் தர மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது தப்பு.

சிவகாசி மூக்குக்குத் தெரியும்

விஸ்கி ருசிப்பவர்கள் 'கொளுத்திய தீக்குச்சி வாசனை' என்று ஒன்றைச் சொல்வார்கள். அது பீட் புகை அல்ல, கந்தகம். பீப்பாயைச் சுத்தப்படுத்த உள்ளே கந்தகம் கொளுத்துவதாலும் இது வரலாம். பலர் இதைக் குறையாகவே பார்க்கிறார்கள். நாரணாபுரம் பக்கம் பட்டாசும் தீப்பெட்டியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியே சொல்லித்தர வேண்டாம். விறகடுப்புப் புகை வேறு, வெடித்த பட்டாசின் நெடி வேறு என்று அவர்கள் மூக்கே பிரித்துவிடும். ரசனைக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்பது வெறும் பிம்பம்.

வெளிநாட்டு பாட்டில்தான் உசத்தி என்பதும் அப்படித்தான். பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. அதன் 'ஃபியூஷன்' விஸ்கியில் கால் பங்கு பீட் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லி, முக்கால் பங்கு இந்திய பார்லி. ஜிம் முர்ரேயின் 2010 விஸ்கி பைபிள் அதற்கு உலகின் மூன்றாவது இடம் கொடுத்தது.

எப்படி ருசிப்பது?

30 மில்லி போதும். வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக மோந்து பாருங்கள். ஐஸ் வேண்டாம், அது வாசனையை அமுக்கிவிடும். சில துளி தண்ணீர் விடலாம். புகை மணம் தரும் குவாயக்கால் என்ற மூலக்கூறு, நீர் சேரும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருவதாக 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரிகள் மூலம் காட்டினார்கள்.

மூன்றாவது ரவுண்டில் மூக்கும் நாக்கும் மரத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்த பாட்டிலும் குவாட்டரும் ஒன்றுதான். விஷயம் ருசியோடு முடிவதும் இல்லை. மறுநாள் காலை பைக் எடுக்க வேண்டியவருக்கும், பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறைக்குள் போக வேண்டியவருக்கும் நிதானம்தான் முக்கியம். அங்கே ஒரு கை தடுமாறினால் பாதிப்பு அந்த ஒருவரோடு நிற்காது.

குடிக்காதவர் புதிதாகத் தொடங்க இதில் ஒரு காரணமும் இல்லை. குடிப்பவர் ரசிகர் என்று சொல்லிக்கொள்ள விரும்பினால், அதற்கான முதல் தகுதி 30 மில்லியில் நிறுத்தத் தெரிவதுதான்.