துருசும் குடிகளும்

துரித மகாவலித் திட்டத்தின் கீழ் மாதுரு ஓயாவை மறித்து அணை கட்டத் தொடங்கியபோது, முன்னோர் கட்டிய பழைய அணையும் அதனுள் புதைந்திருந்த துருசும் வெளிப்பட்டன. கருங்கல்லும் செங்கல்லும் கொண்டு எழுப்பிய அத்துருசைப் பேணினார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். அது சரியான முடிவு. ஆனால் 1983 நவம்பரில் அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தியபோது, அங்கே தேனெடுத்தும் வேட்டையாடியும் சேனை செய்தும் வாழ்ந்த வேடர் குடும்பங்களை ஹெனானிகலக் குடியேற்றத்துக்கு அனுப்பினார்கள். வேடர் தலைவர் திசாஹாமி சில குடும்பங்களோடு தம்பானையை விட்டு நகர மறுத்தார். 1998இல் இறக்கும்வரை மறுத்தார். ஒரே நீர்த்தேக்கத்தின் கரையில் கல்லுக்குக் காப்பும் குடிகளுக்கு வெளியேற்றமும் நடந்திருப்பது, மரபுரிமை என்று இந்நாடு எதைக் கருதுகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களைக் காக்கிறது. அப்பொருள்கள் கிடக்கும் நிலத்தில் வழிவழியாக வாழ்ந்தவருக்கு அதில் இடமில்லை. ஆய்வாளர்களோ நூறாண்டுக்கு முன்பே இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள். 1907இல் நில்கலக் குகையில் படிகக்கற் கருவிகளைக் கண்டெடுத்த பவுல் சரசினும் பிரிட்ஸ் சரசினும் அவற்றை வேடரின் மூதாதையரோடு இணைத்தார்கள். அடுத்து வந்த செலிக்மன் தம்பதியர், ஹெனபெத்தையில் வேடர் தங்கிய குகைகளிலேயே கற்கருவிகளும் துறவியர் காலத்துப் பிராமிப் பொறிப்பும் இருந்ததை 1911இல் வெளியான தம் நூலில் பதிந்தார்கள். கற்காலம், துறவியர் காலம், வேடர் வாழ்வு மூன்றும் ஒரே பாறை நிழலில்! பின்னர் அதே வட்டாரத்தில், இங்கினியாகலையில், அணை எழுந்தது. பட்டிப்பளை ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் ஒரு பகுதி சேனாநாயக்க சமுத்திரத்துக்குள் போனது.

இன்றைய வேடர் சிங்களவரோடும் தமிழரோடும் கலந்துவிட்டனர், கற்கால மக்களின் வாரிசுகள் என்று அவர்களை எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். கலப்பு உண்மைதான். ஆயினும் பெல்லன்பெந்திப் பெலஸ்ஸவில் கிடைத்த கற்கால மனித எலும்புகளை ஆராய்ந்த மானிடவியலாளர் கென்னத் கென்னடி வேடரோடு ஒப்புமை கண்டார். அதைவிட முக்கியமானது, கலப்பற்ற பரம்பரையை நிரூபிக்குமாறு சிங்களவரையோ தமிழரையோ எவரும் கேட்பதில்லை என்பது. காட்டையும் யானைகளையும் காக்க வேறு வழியில்லை என்ற வாதம் இன்னும் வலுவானதுதான். வனம் காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால் வேடர் வாழ்ந்த காலமெல்லாம் அக்காடு நின்றது. அணையும் குடியேற்றமும் வந்தபின்தான் சுருங்கியது. 2020இல் ரம்பக்கன் ஓயாப் பகுதிக் காட்டைச் சோளச் செய்கைக்குக் கொடுத்ததை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் வேடர் தலைவரும் ஒருவர்.

அதே 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தது. அதில் தமிழரும் முஸ்லிம்களும் இல்லை என்று நாம் உரக்கச் சொன்னோம்; சொல்லவேண்டியதே. வேடரும் இல்லை என்பதை நம்முள் எத்தனை பேர் எழுதினோம்? வாகரைக் கரையோர வேடர் பேசுவது தமிழ். இருந்தும் நமது கிழக்கிலங்கை வரலாறுகள் அவர்களை முன்னுரையில் ஒரு வரியோடு விட்டுவிட்டு, யார் முதலில் வந்தார் என்ற வழக்குக்குள் போய்விடுகின்றன. அந்த வழக்கில் அவர்களே முதற் சாட்சிகள். கிழக்கில் எந்த அகழ்வுக்கும் முன் தம்பானை, பொல்லெபெத்தை, வாகரை வேடரின் சம்மதம் பெறப்படவேண்டும்; அகழ்வறிக்கை அவர்கள் படிக்கும் மொழியில், தமிழிலும் சிங்களத்திலும், அவர்கள் ஊருக்குப் போய்ச் சேரவேண்டும்.