சாட்சியின் பெயரும் நம் உலாவியும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கும் அதிகாரத்தைச் சிறப்பு நீதிமன்றத்திற்கு வழங்குகிறது. போராடிப் பெற்ற இப்பாதுகாப்பை நாமே பல நேரங்களில் ஒரு கணினி மையத்தில் விட்டுவிட்டு வருகிறோம். உண்மை அறியும் குழுவில் செல்லும் மாணவர் பாதிக்கப்பட்டவரின் பெயரைத் தேடுகிறார்; ஊருக்கு வழி பார்க்கிறார்; வாக்குமூலத்தைத் தரவிறக்குகிறார். அத்தனையும் உலாவியின் வரலாற்றில் தங்குகிறது. குரோமில் தம் கூகுள் கணக்கை ஒத்திசைவுடன் இணைத்திருந்தால், அதே கணக்குள்ள வீட்டுக் கைபேசியிலும் அது தெரியும்.

‘மறைநிலையில்தான் தேடினேன்’ என்பார்கள். மறைநிலை, அந்தக் கணினியில் வரலாறு சேராமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. மறைநிலையிலும் பயனர்கள் பின்தொடரப்பட்டதாக அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு தொடரப்பட்ட வழக்கின் சமரசத்தில், பல நூறு கோடித் தரவுப் பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

அன்றாடப் பணிக்குப் பயர்பாக்ஸ் மேலானது என்பது என் கருத்து. ஒரு தளத்தின் குக்கி இன்னொரு தளத்தில் நம்மைப் பின்தொடராதவாறு 2022 முதல் அது இயல்பாகவே பிரித்து வைக்கிறது. மூடும்போதே வரலாற்றை நீக்குமாறும் அமைக்கலாம். குரோம் கைவிட்ட யுபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பி இதில் இன்னும் இயங்குகிறது. சாட்சியின் பெயரைத் தேட வேண்டிய இடத்தில் டோர் உலாவி தேவை. நம் கோரிக்கை மூன்று இடைக்கணினிகளைக் கடந்து செல்வதால், நாம் எங்கிருந்து வருகிறோம் என்பது தளத்திற்குத் தெரியாது. எத்தளத்திற்குச் செல்கிறோம் என்பது இணையச் சேவை நிறுவனத்திற்குத் தெரியாது. வேகம் குறைவு, பொறுமை வேண்டும். டோரைத் திறந்து சொந்தப் பெயரிலுள்ள மின்னஞ்சலுக்குள் நுழைந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

எந்த உலாவியாலும் தடுக்க இயலாதது ஒன்றுண்டு. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், 2016 ஜூன் 13 அன்று வந்த மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததால் நெட்வயர் என்னும் உளவு மென்பொருள் நுழைந்து, அதன் வழியே கடிதங்கள் புகுத்தப்பட்டன என்று கண்டறிந்தது. தேசியப் புலனாய்வு முகமை இதனை ஏற்கவில்லை. அந்த இணைப்பு, அறிமுகமான தோழர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்தே வந்தது. ஆகவே தோழர் அனுப்பியதாயினும், திறப்பதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வழக்கறிஞராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விசாரணைக்குத் தேவைப்படும் எனத் தெரிந்த மின்னணுப் பதிவை, அது நீதிமன்றத்திற்கு வராமல் தடுக்கும் நோக்கத்துடன் அழிப்பது குற்றம். ஆகவே காவல்துறை அழைப்பாணை வந்தபின் வரலாற்றை அழிக்க முற்படாதீர்கள். அமைப்புகளை இன்றே, வழக்கு ஏதும் இல்லாதபோதே, மாற்றிவிடுங்கள்.